புது பெயின்ட் அடித்த பழைய வீடு

கேள்வி: நானும் என் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். குரோம்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். முடிச்சூரில் ஒரு தனி வீடு பார்த்திருக்கிறோம். கீழ்த்தளம் 2006இல் கட்டியது, மாடி 2014இல் எழுப்பியது. போன மாதம்தான் உள்ளும் புறமும் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், பளிச்சென்று இருக்கிறது. வீட்டுக்காரர் நல்ல மனிதர். இந்த வாரக் கடைசிக்குள் 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டுவிடலாம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை தெரிந்த சிவில் இன்ஜினியர் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பார்த்துத் தருகிறேன் என்றிருக்கிறார். அவர் வருவதற்கு முன் நாங்கள் ஏதாவது செய்து வைக்க வேண்டுமா? என் மாமனார், "பேங்க்காரன் வந்து பார்த்து லோன் குடுத்தாலே நல்ல வீடுதான், தனியா இன்ஜினியர் எதுக்கு?" என்கிறார். சுவரைத் தட்டிப் பார்த்தால் வீட்டுக்காரர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்றும் தயக்கமாக இருக்கிறது.

- வாசகர், சென்னை

பதில்: முதலில் அந்த 5 லட்சம். ஞாயிற்றுக்கிழமை பார்த்து முடித்து, இன்ஜினியர் எழுத்தில் ஏதாவது கொடுக்கும்வரை அது உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும். பணம் கைமாறிய பிறகு தெரியவரும் குறையை வைத்து நீங்கள் வருத்தப்படலாம், விலை பேச முடியாது. "வேற பார்ட்டி காத்திருக்காங்க" என்று புரோக்கர் சொல்வார். எல்லா வீட்டுக்கும் ஒரு வேற பார்ட்டி உண்டு. ரொம்ப நெருக்கினால் ஒரு சிறிய தொகையை டோக்கனாகக் கொடுங்கள். ஆனால் ரசீதில் ஒரு வரி இருக்க வேண்டும்: கட்டடப் பரிசோதனையிலோ ஆவணப் பரிசோதனையிலோ திருப்தி இல்லை என்றால் டோக்கன் முழுவதும் இத்தனை நாளில் திருப்பித் தரப்படும் என்று. இந்த வரியை எழுத மறுக்கிற வீட்டுக்காரரிடம் கொஞ்சம் உஷாராகவே இருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும் இடம் குறுகலானது. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, தனக்குத் தெரிந்த முக்கியமான குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. ஆனால் எந்தக் குறையை? வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத குறையை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற வகைக் குறைகள் உங்கள் தலையில்தான். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் 5 வருடக் கட்டுமானப் பொறுப்பு இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது பில்டர் புதிதாகக் கட்டி விற்கும் திட்டங்களுக்கு. ஒரு தனிமனிதரிடம் பழைய வீடு வாங்கும்போது அது உங்களுக்கு வராது.

மாமனார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பேங்க் அனுப்பும் மதிப்பீட்டாளர் வருவார், அளப்பார், போட்டோ எடுப்பார், அப்ரூவல் பிளானோடு ஒப்பிடுவார். அவர் பார்ப்பது பேங்கின் பணத்துக்கு இந்தச் சொத்து ஈடாகுமா என்பதை. முடிச்சூரில் நிலத்தின் விலையே கடனில் பெரும்பகுதியைத் தாங்கிவிடும் என்னும்போது, பாத்ரூமுக்குக் கீழே ஓதம் இருந்தால் அவருக்கு என்ன? அவர் மாடி டேங்க் வரை ஏறிப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அதனால் அந்த அறிக்கையை உங்கள் அறிக்கையாக நினைக்காதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆமாம், நீங்கள் செய்து வைக்க வேண்டியது நிறைய இருக்கிறது. எவ்வளவு கெட்டிக்கார இன்ஜினியராக இருந்தாலும், பூட்டிய அறையையும், ஓடாத மோட்டாரையும், பீரோவுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் அவரால் பார்க்க முடியாது. "அந்த ரூம் சாவி பையன்கிட்ட இருக்கு", "டேங்க்ல தண்ணி இல்ல", "ஏணி பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிட்டுப் போயிட்டார்" - இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிற பரிசோதனைகள் ஏராளம். சோதனையின் தரம் அவர் வருவதற்கு முன்னாலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

அதனால் வியாழக்கிழமையே வீட்டுக்காரருக்கு போன் போடுங்கள். தயக்கம் வேண்டாம். இப்படிச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்: "சார், ஞாயித்துக்கிழமை ஒன்பது மணிக்கு இன்ஜினியரோட வர்றோம். எப்படியும் ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். மாடி டேங்க் நிரப்பி வெச்சிடுங்க. எல்லா ரூம் சாவியும், மொட்டை மாடி சாவியும் இருந்தா நல்லது. சம்ப் மூடியைத் திறக்கணும். டேங்க் பக்கம் ஏற ஏணி வேணும், இல்லேன்னா நாங்க கொண்டு வந்துடறோம். பேங்க் லோனுக்கும் இது உதவும்னு இன்ஜினியர் கேக்கறார்." கடைசி வரி கொஞ்சம் ராஜதந்திரம்தான், ஆனால் பழியை இன்ஜினியர் மேல் போட்டுவிடலாம், என்னைப் போன்ற இன்ஜினியர்கள் அதற்குப் பழகியவர்கள்.

பீரோவை நகர்த்தச் சொல்வது மட்டும் சங்கடமான விஷயம். பொருள்கள் நிறைந்த பீரோவை யாரும் நகர்த்த மாட்டார்கள். வெளிச்சுவரை ஒட்டியும், பாத்ரூம் சுவரை ஒட்டியும் எந்தெந்த சாமான் நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களைப் பிறகு பார்க்க ஒரு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் இன்ஜினியரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். ஒரு மணி நேரம் என்கிறார். கீழும் மேலுமாக இரண்டு தளம் உள்ள வீட்டுக்கு அது போதாது. எழுத்தில் தருவாரா, போட்டோவோடு தருவாரா, மொட்டை மாடியும் டேங்கும் ஏறுவாரா, போர்டைத் திறந்து பார்க்க எலக்ட்ரீஷியனை அழைத்து வருவாரா என்று கேளுங்கள். தெரிந்தவர் என்பதால் காசு வாங்க மாட்டேன் என்றால், வற்புறுத்திக் கொடுங்கள். சும்மா வந்தவர் "நல்லாத்தான் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போய்விடுவார். காசு வாங்கியவருக்குத்தான் எழுதிக் கையெழுத்துப் போடும் பொறுப்பு வரும். வீட்டைக் காட்டிய புரோக்கரே சிபாரிசு செய்த இன்ஜினியர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

அவர் கையில் ஞாயிற்றுக்கிழமை இருக்க வேண்டிய காகிதங்கள்: அப்ரூவல் பிளானின் நகல், கட்டுமான வரைபடம் ஏதாவது இருந்தால் அது, எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் (நில அளவைத் துறையின் மனை அளவு வரைபடம்), பத்திரத்தில் உள்ள நான்கு பக்க அளவுகள். பட்டா, வில்லங்கம், தாய்ப்பத்திரம் எல்லாம் வக்கீல் வேலை. அதைத் தனியாகப் பாருங்கள். ஆனால் பிளானைக் கட்டடத்தோடு வைத்துப் பார்ப்பது இன்ஜினியர் வேலை. உங்கள் வீட்டில் இது முக்கியம். 2006இல் எதற்கு அனுமதி வாங்கினார்கள், கீழ்த்தளத்துக்கு மட்டுமா, மாடிக்கும் சேர்த்தா? 2014இல் மாடிக்குத் தனியாக அனுமதி வாங்கினார்களா? பிளானில் இல்லாத மாடி என்றால் அதற்கு பேங்க் கடன் தராமல் போகலாம். அதைவிட, அந்த மாடியைத் தாங்க அஸ்திவாரம் போட்டிருக்கிறார்களா என்ற கேள்வி இருக்கிறது.

இந்தக் கேள்வியைத்தான் ஞாயிற்றுக்கிழமை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் காலகட்டத்தில் புறநகரில் கட்டிய வீடுகள் பல தூண் இல்லாமல் 9 அங்குலச் செங்கல் சுவர் மேலேயே ரூஃப் போட்டவை. அது தப்பில்லை, சரியாகக் கட்டினால் அதன் மேல் ஒரு மாடி நிற்கும். தூண் போட்டுக் கட்டியதாக இருந்தால், பின்னால் மாடி எழுப்பும் எண்ணம் இருந்ததா என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு: அப்போதே மொட்டை மாடியில் தூண் கம்பிகளை வெளியே நீட்டி விட்டிருப்பார்கள். எட்டு வருடம் மழையிலும் வெயிலிலும் நின்று துருப்பிடித்த அந்தக் கம்பியோடேயே புதுக் கம்பியை இணைத்துத் தூணை மேலே கொண்டுபோனார்களா, துருவைச் சுத்தம் செய்தார்களா, அல்லது கம்பியே இல்லாத இடத்தில் மேலே செங்கல்லை அடுக்கிவிட்டார்களா? இதையெல்லாம் வீட்டுக்காரரிடமே பேச்சுவாக்கில் கேட்கலாம். "மாடி கட்டினது அதே மேஸ்திரிதானா சார்?" என்று ஆரம்பியுங்கள். கட்டிய கதையைச் சொல்வதில் வீட்டுக்காரர்களுக்கு ஒரு சந்தோஷம் உண்டு. அவர்கள் பெருமையாகச் சொல்வதில் பாதித் தகவல் வந்துவிடும். முடிந்தால் அந்த மேஸ்திரியின் நம்பரை வாங்குங்கள்.

அடுத்து பெயின்ட். விற்பதற்கு முன் பெயின்ட் அடிப்பது குற்றமில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் பட்டி பார்த்து இரண்டு கோட் அடித்துவிட்டால் ஒரு வருடத்து விரிசலும் ஓதமும் சில மாதங்களுக்குக் காணாமல் போய்விடும். அதனால் பெயின்ட்காரர் கை போகாத இடங்களைப் பாருங்கள். பரணின் உள் மூலை, சுவரலமாரியின் பின்சுவர், மாடிப்படிக்குக் கீழே மீட்டர் இருக்கும் இடம், சிங்க்குக்கு அடியில், சம்ப் மூடியின் அடிப்பக்கம், பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சந்துச் சுவர். உண்மையான வீடு அங்கேதான் இருக்கிறது. சந்துச் சுவரில் பாசி படிந்த ஒரு நீளக் கோடு இறங்கியிருந்தால், அதற்கு நேர் உள்ளே எந்த அறை என்று கணக்குப் பண்ணி அந்த அறைச் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு நாள் மாலை, இருட்டிய பிறகு, ஏதாவது சாக்குச் சொல்லி நீங்கள் மட்டும் போய் வாருங்கள். கையில் ஒரு நல்ல டார்ச். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டி, ஒளி சுவரின் மேல் படுத்துப் போகும்படி பிடியுங்கள். பகலில் வழவழப்பாகத் தெரிந்த சுவரில் மேடும் பள்ளமும் நிழலாக எழும். பட்டி வைத்து அடைத்த விரிசல் ஒரு கோடாகத் தெரியும். ஓதம் அடித்துக் கொப்பளித்து மறுபடி பூசிய இடம் தேமல் மாதிரி தனியாகத் தெரியும். அந்த இடங்களைப் போட்டோ எடுத்து, எந்த அறை, எந்தச் சுவர் என்று எழுதி வையுங்கள். இன்ஜினியர் வந்ததும் நேராக அங்கே போகலாம். பகல் வெளிச்சத்தில் அவருக்குக்கூட இது தப்பிப் போகும்.

விரிசல் எல்லாமே பயப்படும் விஷயமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுவரின் மேல்பூச்சில் வலைபோல ஓடும் மயிரிழை விரிசல், பூச்சு காயும்போது வந்தது, விட்டுவிடுங்கள். பீமுக்கும் அதன் கீழ் செங்கல் சுவருக்கும் நடுவில் படுக்கையாக ஓடும் கோடு, இரண்டு வெவ்வேறு பொருள்கள் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிவதால் வருவது. பார்க்க அசிங்கமே தவிர ஆபத்து குறைவு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசலும், செங்கல் வரிசையைப் பின்பற்றிப் படிக்கட்டுபோல இறங்கும் விரிசலும் வேறு ஜாதி. அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தூணிலோ பீமிலோ கம்பி போகும் திசையிலேயே நீளமாக ஓடும் விரிசல் இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது உள்ளிருந்து கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கையில் ஒரு பழைய ஏடிஎம் கார்டு வைத்துக்கொள்ளுங்கள். அதன் கனம் முக்கால் மில்லிமீட்டர். கான்கிரீட்டில் பொதுவாக 0.3 மில்லிமீட்டருக்கு மேல் விரிசல் போகக்கூடாது என்கிறது ஐஎஸ் 456 தரக்குறியீடு. கார்டே உள்ளே போகிறது என்றால் அதை ஒன்றுமில்லை என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

சன்ஷேடு, பால்கனியின் அடிப்பக்கம், மாடிப்படியின் அடிப்பக்கம், பாத்ரூமுக்குக் கீழே வரும் கீழ்த்தளக் கூரை - துரு முதலில் தலைகாட்டுவது இங்கெல்லாம்தான். நீங்கள் தயங்குகிற தட்டிப் பார்க்கும் வேலை இங்கே கட்டாயம் நடக்க வேண்டும். சின்னச் சுத்தியலோ கனமான சாவியோ போதும். நல்ல கான்கிரீட் டங் என்று கெட்டியாகப் பதில் சொல்லும்; உள்ளே பிரிந்துவிட்டது பொத்து பொத்தென்று வெற்றுச் சத்தம் கொடுக்கும். ஒரு கீறலும் விழாது, வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. சத்தம் சரியில்லாத இடம் ஒன்றிரண்டுக்கு மேல் இருந்தால், கான்கிரீட்டின் பலத்தையும் தரத்தையும் கணிக்க ரீபவுண்டு ஹேமர் சோதனையும் அல்ட்ராசோனிக் சோதனையும் செய்யச் சொல்லலாம். இரண்டுமே கட்டடத்தை உடைக்காமல் செய்பவை. உதிர்ந்த இடத்தில் புதிதாகக் கொஞ்சம் பெயர்த்து ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், கான்கிரீட் நன்றாக இருக்கும் இடம் அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறும். கம்பியைக் காக்கும் காரத்தன்மை போய்விட்ட ஆழம்வரை நிறமே வராது. கம்பி இருக்கும் ஆழத்தையும் தாண்டி நிறம் வராமல் போனால் பழுதுபார்க்கும் செலவு பெரிசு. இவை எல்லா வீட்டுக்கும் தேவையில்லை. தட்டிப் பார்த்துச் சந்தேகம் வந்த பிறகு மட்டும்.

தண்ணீர்ச் சோதனைக்கு நீங்கள் ஏற்பாடு செய்யாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். வெயில் காலத்தில் பார்க்கும் வீடு எல்லாமே காய்ந்துதான் இருக்கும். முறையாக மொட்டை மாடியில் தண்ணீர் கட்டி ஒரு நாளாவது விட்டுப் பார்க்க வேண்டும்; குடியிருக்கும் வீட்டில் அதற்கு விட மாட்டார்கள். அதனால் இதைச் செய்யுங்கள்: ஞாயிற்றுக்கிழமை போனவுடன், பேச்சை ஆரம்பிக்கும் முன்பே, மாடி பாத்ரூமின் தரைத் துளையை ஈரத்துணி சுருட்டிய பிளாஸ்டிக் பையால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி விட்டுவிடுங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். மற்றதெல்லாம் பார்த்து முடித்து இரண்டு மணி நேரம் கழித்துக் கீழே வந்து அதற்கு நேர் கீழ் உள்ள கூரையையும், பைப் இறங்கும் மூலையையும் பாருங்கள். பிறகு அடைப்பை எடுத்து, தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது, கீழே உள்ள பாத்ரூமில் பொங்குகிறதா என்றும் பார்த்துவிடலாம். ஒரே வேலையில் இரண்டு விஷயம் தெரிந்துவிடும். மொட்டை மாடியில் தட்டோடு போட்டிருந்தால் ஓடுகளுக்கு இடையே உள்ள பூச்சு பெயர்ந்திருக்கிறதா, மழைநீர் இறங்கும் வாய் எத்தனை, அதற்கு வாட்டம் இருக்கிறதா என்று ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றினாலே தெரியும்.

முடிச்சூர் என்று நீங்கள் எழுதியவுடன் எனக்கு வந்த முதல் எண்ணம் மழைதான். சொன்னவுடனே புரோக்கர், "செம்பரம்பாக்கம் திறந்தாத்தானே சார் பிரச்சினை, இப்பல்லாம் பாத்துத் திறக்கறாங்க" என்பார். இதை நம்பாதீர்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் அடையாற்றோடு சேருவது திருநீர்மலை பக்கம். முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. இங்கே வருவது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து அடையாற்றின் மேல்பகுதிக்கு வரும் தண்ணீர். அதற்கு யாரும் மதகைத் திறக்க வேண்டியதில்லை, மழை பெய்தால் போதும். 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தி, கரை கட்டி வேலைகள் நடந்தன. ஆனாலும் 2021 நவம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் புகுந்தது. அதற்காக முடிச்சூரே வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே தெருவுக்குத் தெரு, ஏன், ஒரே தெருவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் கதை வேறு.

அந்தக் கதையை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள்; "காம்பவுண்டு வரைக்கும்தான் வந்தது" என்ற பதில் கிடைக்கும். சனிக்கிழமை காலை அந்தத் தெருவில் நடங்கள். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக் கடைக்காரர், எதிர் வீட்டுப் பெரியவர் - இவர்களிடம், "2015ல இந்தத் தெருவுல எத்தனை படி ஏறுச்சுங்க?" என்று கேளுங்கள். படிக்கணக்கில் துல்லியமாகச் சொல்வார்கள், கூடவே 2021ஐயும் 2023ஐயும் அவர்களே சேர்த்துச் சொல்வார்கள். பிறகு வீட்டுக்குள் சாட்சி தேடுங்கள்: மீட்டர் பெட்டியின் உட்புறம், பழைய ஸ்விட்ச் பெட்டிக்குள் காய்ந்த வண்டல், மரக் கதவு நிலையின் அடி உப்பியிருப்பது, கீழ்த்தளத்தில் மட்டும் பிளக் பாயின்டுகள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு ஏறியிருப்பது. கடைசியாகச் சொன்னது நல்ல அறிகுறிதான், அடிபட்டுத் தெளிந்தவர் வீடு அது. ஆனால் அடிபட்டது உண்மை. இன்ஜினியரிடம் ட்யூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) கொண்டு வரச் சொல்லி, ரோட்டின் நடுப்பகுதிக்கும் ஹால் தரைக்கும் எத்தனை அங்குலம் வித்தியாசம் என்று அளக்கச் சொல்லுங்கள். ரோடு உயர்ந்து, வீடு பள்ளத்தில் போயிருந்தால் எந்தப் பழுதுபார்ப்பாலும் அது சரியாகாது. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். அந்தக் குழி எங்கே, இன்னும் உறிஞ்சுகிறதா என்றும் கேளுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வீடு என்றால் சம்ப்பையும் செப்டிக் டேங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம், சம்ப்பின் மேல் விளிம்பு தரையைவிட உயரமா என்று அளந்துகொள்ளுங்கள். செப்டிக் டேங்க் கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று கேளுங்கள். மழைக்காலத்தில் மட்டும் அடிக்கடி லாரி கூப்பிடுகிறார்கள் என்றால் டேங்குக்குள் வெளித்தண்ணீர் வருகிறது. போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து பரிசோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை குடிக்க நல்லது, வேறு வழியில்லை என்றால் 2000வரை ஏற்கலாம் என்பது ஐஎஸ் 10500 அளவு. வெள்ளம் புகுந்த இடம் என்பதால் கிருமிச் சோதனையும் கேளுங்கள்.

மின்சாரம் எலக்ட்ரீஷியன் வந்தால் அரை மணி நேர வேலை. எர்த் இருக்கிறதா, மின்கசிவு வந்தால் தானே கரன்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா, ஏசிக்குத் தனி லைன் போகிறதா. இரண்டு தளத்திலும் எல்லா ஃபேனும் ஏசியும் மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடட்டும். பத்து நிமிடம் கழித்து மெயின் போர்டின் முகப்பைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும். மின்கட்டண ரசீதுகள் சிலவற்றைக் கேளுங்கள்; மாதக்கணக்கில் யூனிட்டே ஓடவில்லை என்றால் வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது, ஏன் என்று விசாரிக்கலாம். மர நிலைகளின் அடியைக் கட்டைவிரலால் அழுத்திக் கறையான் பாருங்கள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரையும் அழைத்துப் போங்கள். வீட்டுக்காரரோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஒருவர் வேண்டும். இல்லாவிட்டால் அவர் இன்ஜினியர் பின்னாலேயே வந்து ஒவ்வொரு குறைக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார், இன்ஜினியரும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். நீங்கள் இன்ஜினியரோடு இருங்கள், உங்கள் மனைவி போட்டோ எடுக்கட்டும். எந்தக் குறை கண்ணில் பட்டாலும் அங்கேயே பேரம் பேசாதீர்கள், முகத்திலும் காட்டிக்கொள்ளாதீர்கள்.

அறிக்கை வந்ததும் குறைகளுக்கு இரண்டு மேஸ்திரியிடம் செலவுக் கணக்கு வாங்கி, அந்தக் காகிதத்தோடு விலை பேசுங்கள். "நானே சரி பண்ணித் தர்றேன்" என்று வீட்டுக்காரர் சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். விற்கப் போகிறவர் செய்கிற ரிப்பேர் இன்னொரு கோட் பெயின்டாகத்தான் முடியும். தொகையைக் கழித்துக்கொண்டு நீங்களே செய்யுங்கள். மாடியைத் தாங்கும் பலம் சந்தேகம் என்றோ, ஹால் தரை ரோட்டுக்குக் கீழே என்றோ வந்தால், என் அபிப்பிராயத்தில் அது விலை குறைத்துச் சமாளிக்கிற விஷயமில்லை. வேறு வீடு பாருங்கள். ஓதம், பழைய வயரிங், பாத்ரூம் கசிவு, சன்ஷேடு உதிர்வு எல்லாம் செலவோடு முடிகிறவை.

அக்ரிமென்ட் போடும்போது, பத்திரப் பதிவுக்கு முன் வீட்டைக் காலி செய்த நிலையில் ஒருமுறை காட்ட வேண்டும் என்றும், அப்போது புதிதாகப் பெரிய குறை தெரிந்தால் அதற்கான தொகையை மீதிப் பணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றும் ஒரு ஷரத்து சேர்க்கச் சொல்லுங்கள். பீரோவும் கட்டிலும் போன பிறகு, நீங்கள் குறித்து வைத்த அந்தச் சுவர்களை அன்றைக்குப் பாருங்கள். மோட்டார், கீசர், ஃபேன், இன்வெர்ட்டர் எதெல்லாம் வீட்டோடு வருகிறது என்று பேசியிருந்தீர்களோ அதெல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்து, மின்மீட்டர் ரீடிங்கையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.